இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

புக்கிட் மேரா சென்ட்ரல் உணவங்காடி நிலையத்தின் அஞ்சல் குறியீடு 150163. ரெட்ஹில் லேன் உணவங்காடி நிலையத்துக்கு 150085. ஜாலான் புக்கிட் மேராவில் இருக்கும் ஏபிசி பிரிக்வொர்க்ஸ் சந்தைக்கு 150006. மூன்றும் ஒரே வட்டாரம். எண்களாகப் பார்த்தாலும் மூன்றும் அக்கம்பக்கம்தான். மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் இடையே 157 மட்டுமே வித்தியாசம். ஆனால் அவற்றைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் மூன்றும் மூன்று குணம் காட்டுகின்றன:

150163 = 13 × 11551
150085 = 5 × 13 × 2309
150006 = 2 × 3 × 23 × 1087

சிங்கப்பூரில் 1950-இல் ஈரிலக்க அஞ்சல் வட்டார எண்கள் வந்தன. 1979-இல் அவை நான்கு இலக்கமாயின. இன்றுள்ள ஆறிலக்கக் குறியீடு 1995 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும். மிச்ச நான்கும் கட்டடத்தைச் சொல்லும். வீவக குடியிருப்புகளில் பெரும்பாலும் புளோக் எண்ணே குறியீட்டின் கடைசியில் வந்து உட்கார்ந்துவிடும். புளோக் 163 என்றால் 150163, புளோக் 85 என்றால் 150085. கடிதத்தைச் சரியான வாசலில் சேர்ப்பதற்காக வைத்த பெயர் அது. இரண்டு குறியீடுகளைக் கூட்டி யாரும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை. இருந்தாலும் பெயராக வைத்த எண்ணும் எண்தான். வைத்தவர் நினைத்தே பார்க்காத பண்புகளும் அதனுடன் கூடவே வந்துவிடுகின்றன.

இந்த வட்டார எண்களைப் பிரித்துப் பார்க்கக் கணிப்பான் தேவையில்லை. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஆகவே ஆறிலக்க எண்ணை நடுவில் வெட்டி, ஒரு பாதியிலிருந்து மறுபாதியைக் கழித்து, வரும் விடை 7, 11, 13 ஆகியவற்றில் எதனால் வகுபடுகிறதோ, முழு எண்ணும் அதனால் வகுபடும். 150 என்று தொடங்கும் குறியீடுகளில் இடப்பாதி மாறுவதே இல்லை. அதனால் புளோக் எண்ணுக்கும் 150-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே போதும். 163-இலிருந்து 150 போனால் 13. எனவே 150163-ஐ 13 வகுக்கும். 150-இலிருந்து 85 போனால் 65, அதாவது 5 × 13. எனவே 150085-ஐயும் 13 வகுக்கும். 150-இலிருந்து 6 போனால் 144. அதை 7, 11, 13 எதுவும் வகுக்காது, ஆகவே 150006-ஐயும் வகுக்காது. 150 என்று தொடங்கும் குறியீடு உள்ள வாசகர் தம் புளோக் எண்ணை இப்படியே சோதித்துக்கொள்ளலாம்.

இதன் அடியில் இருக்கும் எண் 150150. அது 150 × 1001; பிரித்தால் 2 × 3 × 5² × 7 × 11 × 13. ரெட்ஹில் லேன் குறியீடு இதிலிருந்து 65 குறைவு. 150150-ஐ 65-ஆல் வகுத்தால் 2310 வரும். எனவே 150085 என்பது 65 × (2310 − 1). 2310 என்பது 2, 3, 5, 7, 11 என்ற முதல் ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். அதில் ஒன்று குறைந்த 2309-ஐ அந்த ஐந்தில் எதுவும் வகுக்க முடியாது. 13 முதல் 47 வரையுள்ள பத்துப் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். பத்திலும் மீதி நிற்கிறது. ஆகவே 2309 பகா எண். முதல் சில பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் இத்தகைய பகா எண்களைக் கணித அறிஞர்கள் தனி வகையாகவே தேடித் தொகுத்து வருகிறார்கள். அந்த வகையில் ஒன்று ரெட்ஹில் லேன் முகவரிக்குள் இருக்கிறது.

ஏபிசி பிரிக்வொர்க்ஸ் என்ற பெயரில் பாதி அந்தப் பகுதியில் இயங்கிய அலெக்சாண்ட்ரா செங்கல் ஆலையிலிருந்து வந்தது. பகா எண்களும் செங்கற்களைப் போலத்தான். 1-ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணையும் அவற்றைப் பெருக்கியே கட்டலாம்; ஓர் எண்ணைக் கட்ட எந்தச் செங்கல் எத்தனை வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. அந்த எண்ணிக்கை தெரிந்துவிட்டால் வகுத்திகளின் எண்ணிக்கையும் தெரிந்துவிடும். ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். 150163-க்கு 2 × 2, நான்கு வகுத்திகள். 150085-க்கு எட்டு. 150006-க்குப் பதினாறு. 150163-இலிருந்து பதின்மூன்றே எண் தள்ளியிருக்கும் 150150-க்கோ 96. எண்ணின் பருமன் அதன் உள்ளமைப்பைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. அடுத்த வீட்டு எண்ணும்கூட எதையும் சொல்வதில்லை.

அந்தச் செங்கல் ஆலை நிலத்தில் 1913-இல் எழுந்த சிறு வழிபாட்டிடம்தான் இன்று டெப்போ ரோட்டில் உள்ள ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம். அதே 1913-இல், ஜனவரி 16 அன்று, சென்னைத் துறைமுகக் கழகத்தின் எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்குத் தம் தேற்றங்களைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன்தான் அவர். பெரிய முழு எண்களின் பண்பு என்று தமிழில் பேசினால் அவரிடம் வந்து சேராமல் முடியாது.

வந்து சேர்ந்ததும் எல்லோரும் சொல்வது 1729-இன் கதை. பட்னியில் மருத்துவமனையில் படுத்திருந்த இராமானுஜனைப் பார்க்கப் போன ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729 சுவாரசியமற்றது என்றார். உடனே இராமானுஜன், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். 12³ + 1³, 10³ + 9³. அஞ்சல் குறியீட்டைப் போல டாக்சி எண்ணும் வெறும் அடையாளம்தான். நாம் மேலே பார்த்த வழி இதற்கும் பொருந்தும்: 729-இலிருந்து 1 போனால் 728, அது 7-ஆலும் 13-ஆலும் வகுபடும், 11-ஆல் வகுபடாது. 1729 = 7 × 13 × 19.

சிங்கப்பூரில் இந்த எண்ணை ஒரு டாக்சிக்கு வைத்துப் பார்க்கலாம். இங்கே வாகனப் பதிவெண்ணின் கடைசி எழுத்து சோதனை எழுத்து. மற்ற எழுத்துகளையும் இலக்கங்களையும் கொண்டு கணக்கிட்டுப் பெறுவது. எஸ்எச்ஏ 1729 என்று ஒரு டாக்சி என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தான எஸ்-ஐ விட்டுவிட வேண்டும். எச் எட்டாவது எழுத்து, ஏ முதல் எழுத்து. ஆக 8, 1, 1, 7, 2, 9. இவற்றை முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கினால் 72, 4, 5, 28, 6, 18. கூட்டினால் 133. அதை 19-ஆல் வகுக்க, மீதி சுழி. மீதி சுழியானால் சோதனை எழுத்து ஏ. 1729-ஐயும் 19 வகுக்கிறது, இந்தக் கூட்டுத்தொகையையும் 19 வகுக்கிறது. இரண்டுக்கும் உறவில்லை, தற்செயல்தான். ஆனால் வகுப்பதற்கு 19-ஐத் தேர்ந்தது பொருத்தமான முடிவு. யாராவது ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால், கூட்டுத்தொகை மாறும் அளவு 19-ஐ விடச் சிறிய இரண்டு எண்களின் பெருக்கம். 19 பகா எண் என்பதால் அந்தப் பெருக்கம் ஒருபோதும் அதன் மடங்காகாது. ஆகவே எழுத்து மாறியே தீரும், தவறு அகப்படும்.

1729-ஐப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் பள்ளிகளிலும் மேடைகளிலும் இராமானுஜன் என்றாலே அந்த டாக்சிதான். கேட்டவுடன் பளிச்சென்று விடை சொல்லும் மேதை என்ற சித்திரமே மனத்தில் நிற்கிறது. அவர் உட்கார்ந்து உழைத்த எண்கள் பேச்சில் வருவதில்லை. அவற்றில் ஒன்று 6746328388800. தமிழ்நாட்டு வழக்கில் ஏறத்தாழ 6.75 லட்சம் கோடி. சிங்கப்பூர் வழக்கில் 6.75 டிரில்லியன். 1729 ஒரு நொடியின் ஒளி என்றால், இந்தப் பதின்மூன்று இலக்க எண் பல மாத வேலையின் கடைசி வரி. இராமானுஜனின் மூளை எப்படி இயங்கியது என்பதை இதுவே நன்றாகக் காட்டுகிறது.

1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறிய இராமானுஜன் ஏப்ரலில் லண்டன் சேர்ந்தார். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்வுத் தொகுப்பில், 14-ஆம் தொகுதியில், 347-ஆம் பக்கத்திலிருந்து 409 வரை அவருடைய நீண்ட கட்டுரை வெளியானது. பொருள், உயர் பகு எண்கள். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் விட அதிக வகுத்திகள் கொண்ட எண்ணே உயர் பகு எண். 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. ஆகவே 12 உயர் பகு எண். 18-க்கும் ஆறு வகுத்திகள்தான், ஆனால் 12 முந்திக்கொண்டதால் 18-க்கு இடமில்லை. பகா எண் என்றால் வகுபட மறுப்பது. இவை அதற்கு நேர் எதிர். முடிந்த மட்டும் வகுபட்டுக் கொடுப்பவை. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் வழங்கியது இந்தக் கட்டுரையைக் கொண்டுதான்.

12-ஐயும் 18-ஐயும் அருகருகே வைத்தால் இராமானுஜன் பிடித்த நூல் தெரியும். 12 = 2² × 3; 18 = 2 × 3². அடுக்குகள் அதே 2, 1 தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுத்தால் வகுத்திகள் குறையாமல் எண் மட்டும் சிறிதாகிவிடும். ஆகவே உயர் பகு எண் ஒவ்வொன்றிலும் அடுக்குகள் இடமிருந்து வலமாக இறங்குவரிசையில்தான் இருக்க முடியும். நடுவில் ஒரு பகா எண்ணையும் தாண்டிப் போக முடியாது. இது எளிய பகுதி. இதற்கு மேல் அவர் நிறுவியவை எளிதல்ல. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு விலக்கு 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. அடுத்தடுத்த இரண்டு உயர் பகு எண்களின் விகிதம் போகப் போக 1-ஐ நெருங்கிக்கொண்டே வரும். ஒவ்வோர் அடுக்கும் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதற்கும் அவர் சமனின்மைகளை வரிசையாகக் கட்டிக்கொண்டு போகிறார்.

ஆறிலக்கத்தில் உயர் பகு எண்கள் ஒன்பதே ஒன்பது: 110880, 166320, 221760, 277200, 332640, 498960, 554400, 665280, 720720. இவற்றில் இரண்டாவதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். புக்கிட் மேராவின் கிழக்குப் பக்கம், தியோங் பாரு முகவரிகள் 16-இல் தொடங்குபவை. 166320 அந்த வரிசைக்குள் விழும் எண். அது 2⁴ × 3³ × 5 × 7 × 11, வகுத்திகள் 160. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 160 வகுத்திகள் கிடையாது. கடைசியாக உள்ள 720720-ஐ 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுக்கலாம். அப்படி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் அதுவே.

பங்கு போடுவதற்கு ஏற்ற எண்ணைத் தேடுவது மனிதருக்குப் பழைய தேவை. பிளேட்டோ தம் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பத் தலைவர்களை வகுத்ததற்குக் காரணம், அந்த எண் ஏராளமாக வகுபடும் என்பது. அதற்கு 60 வகுத்திகள்; அதுவும் உயர் பகு எண். நம் பழைய பின்ன வாய்ப்பாடு வேறு வழியில் போனது. அரை, கால், அரைக்கால், மா, காணி என்று இறங்கி முந்திரியில் வந்து நிற்கும்; முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அந்த முந்திரியையும் 320 ஆக்கினால் கீழ்முந்திரி, அதாவது 102400-இல் ஒரு பங்கு. 320-இலும் 102400-இலும் 2, 5 தவிர வேறு பகா எண் இல்லை. அதனால் பாதிக்கும் காலுக்கும் பத்துக்கும் அருமையாக உதவும் அந்த முறையில் மூன்றில் ஒரு பங்கை மிச்சமின்றிச் சொல்ல முடியாது. 320-க்கு 14 வகுத்திகள். அருகிலுள்ள உயர் பகு எண்ணான 360-க்கு 24.

இராமானுஜன் தம் கட்டுரையில் 102 உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். கணினி இல்லை, கணிப்பானும் இல்லை, காகிதமும் கையும்தான். அந்தப் பட்டியலின் கடைசி எண்தான் 6746328388800. பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் 6, 4, 2, 2, அதன்பின் ஐந்து ஒன்றுகள். படிக்கட்டு இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது. வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 32, அதாவது 10080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. ஆறே முக்கால் லட்சம் கோடி எண்களைப் பற்றிய இந்தத் தீர்ப்பை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சொல்லவே முடியாது. எந்த அடுக்குகள் சாத்தியம், எவை சாத்தியமில்லை என்று முதலில் நிறுவி, எஞ்சிய சிலவற்றை மட்டும் ஒப்பிட்டால்தான் அங்கே போய்ச் சேர முடியும். தேற்றங்கள் இல்லாமல் அந்தப் பட்டியல் இல்லை.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று: 293318625600. பிற்காலத்தில் சரிபார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதைப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. மேலே உள்ள கடைசி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 23 மட்டும் இல்லை, மற்றவை அனைத்தும் அப்படியே. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடுகிறது. எண் 23 மடங்கு பெருகும்போது வகுத்திகள் சரியாக இரட்டிக்கின்றன: 5040 பத்தாயிரத்து எண்பதாகிறது. இதை நான் முதலில் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தபோது, அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பது போன்ற நெருக்கம் தோன்றியது. 1729 கதை அந்த நெருக்கத்தைத் தருவதில்லை. அங்கே விடை வானத்திலிருந்து விழுகிறது. இங்கே ஒருவர் வரிசை வரிசையாக எழுதிக்கொண்டே வருகிறார். அடுக்குகளை மாற்றி மாற்றி வைக்கிறார். நூற்றுச் சொச்சம் வரிகளில் ஒன்று நழுவுகிறது. அந்த ஒன்று நழுவியதால் மற்ற 102-இன் பெருமை எனக்கு இன்னும் கூடித்தான் தெரிகிறது.

ஹார்டி இந்தக் கட்டுரையை முழு மனத்தோடு கொண்டாடவில்லை. இராமானுஜன் மறைந்தபின் எழுதிய நினைவுக் கட்டுரையில், இது கணிதத்தின் முக்கிய ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய துறை என்பது போலக் கருத்துச் சொன்னார். சமனின்மைகளை இராமானுஜன் ஆண்ட திறமையை மட்டும் மனமாரப் பாராட்டினார். அந்த மதிப்பீடு நிலைக்கவில்லை என்றே சொல்வேன். காரணம், 1915-இல் அச்சானது எழுதியதில் ஒரு பகுதி மட்டுமே. லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. மிச்சம் கையெழுத்துப் படியாகவே நின்றுவிட்டது. அது உரிய குறிப்புகளோடு முழுமையாக வெளிவந்தது 1997-இல். பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் ழான் லூயி நிக்கோலாவும் கீ ரொபானும் பதிப்பித்து, இராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளியிட்டார்கள்.

அந்த மிச்சத்தில் இராமானுஜன் வகுத்திகளின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை, அவற்றின் கூட்டுத்தொகைக்கும் போகிறார். 12-இன் வகுத்திகளைக் கூட்டினால் 28. இந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு தூரம் ஏறலாம்? எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்து, அதை எண்ணாலும் 1.781 என்ற மாறிலியாலும் பெருக்கினால் ஒரு வரம்பு கிடைக்கும். பகா எண்கள் பரவியிருக்கும் விதம் பற்றிய ரீமான் கருதுகோள் உண்மையானால், போதுமான அளவு பெரிய எல்லா எண்களும் இந்த வரம்புக்குள் அடங்கும் என்று இராமானுஜன் காட்டியிருந்தார். 1984-இல் ரொபான் அதைக் கூர்மையாக்கினார்: 5040-ஐ விடப் பெரிய எல்லா எண்களும் வரம்புக்குள் இருந்தால் ரீமான் கருதுகோள் உண்மை, ஒன்றாவது மீறினால் பொய். கணிதத்தில் தீராத கேள்விகளுள் மிகப் பெரியதாகக் கருதப்படுவது, பள்ளிப்பிள்ளைகூடப் போடக்கூடிய வகுத்திக் கூட்டலாக வந்து நிற்கிறது.

5040-இலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். அதன் வகுத்திகளின் கூட்டுத்தொகை 19344. வரம்பு சுமார் 19237. கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டிவிட்டது. அதை இரட்டித்து 10080-க்குப் போனால் கூட்டுத்தொகை 39312, வரம்பு சுமார் 39877. இப்போது உள்ளே அடங்கிவிட்டது. 5040-க்கு மேல் வரம்பைத் தாண்டிய எண் எதுவும் இன்றுவரை அகப்படவில்லை. 2009-இல் அமீர் அக்பரி, சாக்கரி ஃபிரிக்ஸ்டாட் இருவரும் தேடலின் களத்தைச் சுருக்கினார்கள். 5040-க்கு மேல் வரம்பை மீறும் எண் என்று ஒன்று இருந்தால், அவற்றில் மிகச் சிறியது, வகுத்திக் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்தால் வரும் விகிதத்தில் தனக்குக் கீழுள்ள எல்லாவற்றையும் மிஞ்சிய எண்ணாக இருக்க வேண்டும். அந்த வகை எண்களை 1944-இல் லியோனிடாஸ் அலாவோக்ளுவும் பால் எர்டிஷும் விரிவாக ஆராய்ந்திருந்தார்கள். அவற்றின் அடுக்குகளும் இறங்குவரிசையில்தான் அமையும்: முதலில் 2-க்குப் பெரிய அடுக்கு, அடுத்து 3-க்கு, பிறகு 5-க்கு, ஒரு பகா எண்ணையும் விடாமல்.